குர்ஆனில் விஞ்ஞானம் தேடுவது: ஒரு தம்பியின் கேள்வியும் என் தொடர் குறிப்புகளும்

11 பிப்ரவரி 2019

ஒரு தம்பி அனுப்பிய கேள்வி, அப்படியே:

"சார், போன வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு பயான். பிரபஞ்சம் விரிவது 51:47இல் இருக்கிறது, இரும்பு விண்ணிலிருந்து வந்தது 57:25இல் இருக்கிறது, கரு வளர்வது 23:14இல் இருக்கிறது, விஞ்ஞானிகள் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று பேசினார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அறைக்கு வந்ததும் உடன் தங்கியிருப்பவன் ஒன்று கேட்டான்: 'இந்த வசனத்தைப் படித்துவிட்டு முதலில் கண்டுபிடித்தவர் ஒருத்தர் பெயர் சொல்லு.' எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் விலங்கியல் எடுப்பவர், முன்பு இதைப் பற்றி மேடையில் பேசியும் இருக்கிறீர்கள். என்ன பதில் சொல்லலாம்?"

தம்பி, அப்படி ஒருவரும் இல்லை. அதுதான் பதில். ஹப்பிள் 1929இல் வெளியிட்டது தொலைநோக்கியில் அளந்த தூரங்களையும் வேகங்களையும் வைத்து. அதற்கு முந்தைய 1300 ஆண்டுகளில் அந்த வசனத்தை மனனம் செய்த ஹாபிழ்கள் எத்தனை லட்சம் பேர். விண்மீன் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன என்று அதிலிருந்து ஒருவரும் எடுக்கவில்லை. உன் நண்பன் கேட்டது நியாயமான கேள்வி. அவனிடம் கோபப்படாதே.

மீதியை எழுதுகிறேன். விடைத்தாள் கட்டு ஒன்று பாக்கி இருக்கிறது.

12 பிப்ரவரி

51:47இல், அதாவது குர்ஆனின் 51ஆம் அத்தியாயம் 47ஆம் வசனத்தில், வரும் சொல் "மூஸிஊன்". "வானத்தை வல்லமையால் அமைத்தோம், நாம் மூஸிஊன்." இன்றைய பேச்சாளர்கள் இதை "விரிவுபடுத்திக்கொண்டே இருப்பவர்கள்" என்கிறார்கள்.

இதே சொல்லின் ஒருமை 2:236இல் வருகிறது. மணவிலக்கு கொடுத்த பெண்ணுக்கு ஏதாவது கொடுத்தனுப்புங்கள், "மூஸிஃ" தன் சக்திக்கு ஏற்பவும் நெருக்கடியில் இருப்பவன் தன் சக்திக்கு ஏற்பவும் கொடுக்கட்டும் என்று. அங்கே அதற்கு வசதி உள்ளவன் என்று பொருள். கையில் இடம் இருப்பவன். விரிந்துகொண்டே போகிறவன் என்று அங்கே யாரும் மொழிபெயர்ப்பதில்லை. கி.பி. 923இல் இறந்த குர்ஆன் உரையாசிரியர் தபரீ, 51:47க்கும் இந்தப் பொருளைத்தான் சொல்கிறார்: படைக்கும் ஆற்றலும் வசதியும் உடையவர்கள்.

அரபு தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய விஷயம் இது. ஓதிப் பழகிய நானே 25 ஆண்டுகள் பார்க்காமல் இருந்தேன்.

14 பிப்ரவரி

இரும்பு. "இரும்பை இறக்கினோம், அதில் கடும் வலிமையும் மனிதருக்குப் பயன்களும் உண்டு." இரும்பணுக்கள் பெரிய விண்மீன்களுக்குள் உருவானவை என்பது உண்மை. ஆனால் "இறக்கினோம்" என்ற இதே வினையை 39:6 கால்நடைகளுக்குச் சொல்கிறது. 7:26 ஆடைக்குச் சொல்கிறது. ஆடும் மாடும் வானத்திலிருந்து விழுந்தன என்று யாரும் பேசுவதில்லை. அருளாகக் கொடுத்தோம் என்பதுதான் அந்த இடங்களில் பொருள் என்றால் இரும்புக்கு மட்டும் ஏன் வேறு பொருள்?

அப்புறம், வானத்து இரும்பு பழைய மக்களுக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. எகிப்தியர்கள் நபியவர்களுக்கு ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பை "வானத்து உலோகம்" என்றுதான் எழுதினார்கள். துத்தங்காமனின் கல்லறையில் கிடைத்த குத்துவாள் விண்கல் இரும்பு என்று 2016இல் சோதித்துச் சொன்னார்கள்.

அதே நாள், இரவு

எண் கணக்கு பற்றித் தம்பி மறுபடி கேட்டிருக்கிறான். இரும்பு அத்தியாயம் 57ஆவது, "அல்ஹதீத்" (இரும்பு) என்ற எழுத்துகளின் அப்ஜத் கூட்டல், அதாவது அரபு எழுத்துக்கு எழுத்து எண் போட்டுக் கூட்டுவது, 57, இரும்புக்கு 57 என்ற ஐசோடோப் (எடை மாறும் அணு வகை) உண்டு. மூன்றும் சரி. ஆனால் பூமியில் உள்ள இரும்பில் 100க்கு ஏறக்குறைய 92 பங்கு 56 தான். 57 இரண்டு பங்கு. அத்தியாயம் 56ஆக இருந்திருந்தால் "அதிகம் இருப்பது 56" என்று சொல்லியிருப்போம். 54ஆக இருந்திருந்தால் அதற்கும் ஓர் ஐசோடோப் இருக்கிறது, 58க்கும் இருக்கிறது. "அல்" சேர்க்காமல் கூட்டினால் 26 வரும், அது இரும்பின் அணு எண். எப்படிப் போட்டாலும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும் கணக்கு எதையும் நிரூபிக்காது.

எண்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷாத் கலீஃபாவைப் பார். எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உயிர்வேதியியலாளர். 1974இல் குர்ஆன் முழுக்க 19 என்ற எண்ணின் கட்டமைப்பு இருக்கிறது என்றார். உலகமெங்கும் கொண்டாடினார்கள். இஸ்லாமியப் பிரச்சாரகர் அகமது தீதாத் அதைப் பரப்பிப் புத்தகமே போட்டார், பின்னால் கைவிட்டார். ஏனென்றால் கணக்கு சரியாக வரவில்லை என்பதற்காக 9ஆம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு வசனங்கள் குர்ஆனைச் சேர்ந்தவையே இல்லை என்று கலீஃபா சொல்லத் தொடங்கினார். தன்னை இறைத்தூதர் என்றும் சொன்னார். 1990 ஜனவரியில் டூசன் நகரப் பள்ளிவாசலில் அவரைக் கொன்றார்கள். அந்தக் கொலை பெரும் பாவம். அது தனி. கணக்குக்காக வேதத்தை வெட்டும் இடத்துக்கு ஒரு மனிதர் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நடுக்கம்தான்.

17 பிப்ரவரி

தம்பி கேட்டான், "முன்பு பேசியிருக்கிறீர்களே" என்று. ஆமாம். அதைச் சொல்லாமல் மேலே எழுதுவது சரியில்லை.

1996. எங்கள் ஊர் மதரஸா கூடம். ஓவர்ஹெட் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து வந்திருந்தோம். கூடத்தில் 200 பேர் இருக்கும், பெண்கள் மாடியில். நான் ஒரு சூயிங்கத்தைப் பிரித்து வாயில் போட்டு மென்றேன். கடைசியாகக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்து வெளியே எடுத்தேன். கண்ணாடித் தட்டில் வைத்து, பல் பதிந்த வரிசை தெரியும்படி முன்வரிசைக்கு அனுப்பினேன். திரையில் 28 நாள் மனிதக் கரு. முதுகு நெடுக மணி மணியாகச் சோமைட்டுகள், முதுகெலும்பும் தசையும் ஆகப்போகும் கட்டிகள். "முத்கா என்றால் மென்ற சதைத்துண்டு" என்றேன். கூடம் "சுப்ஹானல்லாஹ்" என்றது. முன்வரிசையில் ஒரு சிறுவன் அந்தத் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒப்பீடு என்னுடையது இல்லை. டொராண்டோ பல்கலைக்கழக உடற்கூறியல் பேராசிரியர் கீத் மூரை ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகம் அழைத்தது. யெமனைச் சேர்ந்த அப்துல் மஜீத் ஸிந்தானி உடன் இருந்தார். 1983இல் மூரின் கருவியல் பாடநூல் இஸ்லாமியச் சேர்ப்புகளோடு தனிப் பதிப்பாக வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மக்காவில் ராபிதா என்ற உலக முஸ்லிம் அமைப்பின் கீழ் இதற்கென்றே ஓர் ஆணையம். வெளிநாட்டு விஞ்ஞானிகளை வரவழைத்து, வசனத்தின் ஒரு விளக்கத்தை முன்னே வைத்து, கருத்துக் கேட்டு, வீடியோ எடுத்தார்கள். அந்த வீடியோக்களின் பிரதிதான் எங்கள் ஊர் வரை வந்தது. உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் மூரின் வழக்கமான பதிப்பில் அந்தச் சேர்ப்புகள் இல்லை, வரலாற்றுப் பகுதியில் சில வரிகள் மட்டும் உண்டு என்பதை நான் 2004இல், ஒரு நூலகத்தில் நின்றுகொண்டு பார்த்தேன்.

19 பிப்ரவரி

கரு வசனத்தைச் சற்று நின்று பார்க்கலாம், என் பாடம் அது.

23:14: துளியை "அலக்" ஆக்கினோம், அலக்கை முத்காவாக, முத்காவை எலும்புகளாக, எலும்புகளுக்குச் சதையை உடுத்தினோம். "அலக்" என்பதற்கு உறைந்த இரத்தம், அட்டைப்பூச்சி, ஒட்டித் தொங்குவது என மூன்று பொருளும் அரபு அகராதியில் உண்டு. என் வாப்பா ஓதிய பழைய தமிழாக்கத்தில் "இரத்தக்கட்டி". பிற்காலத் தமிழாக்கம் ஒன்றில் "கருவுற்ற சினைமுட்டை". வசனம் மாறவில்லை, நம் பாடப்புத்தகம் மாறியது. அதற்கேற்ப நாம் சொல்லை மாற்றிக்கொண்டோம்.

எலும்பும் சதையும். நான்காவது வாரம் கை கால் மொட்டுகள் வருகின்றன. அதற்குள் குருத்தெலும்பு ஆகப்போகும் செல்களும் தசை ஆகப்போகும் செல்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்குகின்றன. குருத்தெலும்பு மெய்யான எலும்பாக மாறத் தொடங்குவது ஏழு, எட்டாம் வாரத்தில். அந்த நாட்களில் தசைகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன, லேசாக அசையவும் தொடங்கியிருக்கும். முதலில் எலும்பு முழுக்க அமைந்து, பிறகு மேலே சதை உடுத்துவது என்ற வரிசை நுண்ணோக்கியில் கிடையாது.

இதைச் சொன்னால் வசனம் தவறு என்றாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வசனம் பாடப்புத்தகம் என்று முடிவு கட்டியவருக்குத்தான் அந்தப் பயம். "ஒன்றுமில்லாத துளியிலிருந்து உன்னைப் படிப்படியாக ஆளாக்கியது யார் என்று யோசி" என்பதாக ஓதுகிறவருக்கு, எட்டாம் வாரத் தசை எந்த நெருக்கடியும் தருவதில்லை.

இன்னொன்று. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னுல் கையிம், கரு பற்றி எழுதும்போது குர்ஆன் வசனத்தையும் ஹதீஸையும் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸின் வரிகளையும் மாறி மாறி அடுக்குகிறார். ஒன்றுக்கு மற்றது விளக்கம் போல. அதாவது அவர் காலத்து மருத்துவத்தோடு வசனம் பொருந்தியது! இன்று நம் காலத்து மருத்துவத்தோடும் பொருந்துகிறது. இரண்டு மருத்துவமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அப்படியானால் பொருத்தம் எங்கே இருக்கிறது? பொருத்துகிறவரின் கையில் இருக்கிறது.

நாற்பது நாள் துளி, அதே அளவு அலக், அதே அளவு முத்கா, பிறகு உயிர் ஊதப்படுகிறது என்ற ஹதீஸை வைத்து 120 நாள் என்ற சட்டக் கணக்கு வந்தது. கருக்கலைப்பு பற்றிய பழைய பத்வாக்கள் பல அதன்மேல் நிற்கின்றன. 22ஆம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அதனால் மூன்று நாற்பதையும் ஒரே நாற்பதுக்குள் அடக்கிப் புது விளக்கம் சொன்னார்கள். சட்டம் சார்ந்த விஷயம், ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உட்கார்ந்து பேச வேண்டியது. மேடையில் கைதட்டலுக்காக மாற்றிச் சொல்லக்கூடியது இல்லை.

20 பிப்ரவரி

திருத்தம். 12ஆம் தேதி எழுதியதில் நான் ஒரு பக்கமாகச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் ஆலிம், ஹஜ்ரத், போனில் பிடித்தார்கள். "தபரீயை மட்டும் காட்டினால் போதுமா? இப்னு கதீர் என்ன சொல்கிறார், பார்த்தீர்களா?" பார்த்தேன். 1373இல் இறந்த உரையாசிரியர் இப்னு கதீர், "அதன் ஓரங்களை விசாலமாக்கினோம்" என்கிறார். எனவே "விரிவாக்குதல்" என்ற பொருள் முன்னோரிடம் அறவே இல்லை என்று யாராவது என் குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டால் அது தவறு. கூரையை அகலமாகப் போட்டோம் என்ற பொருளில் அது இருக்கிறது. இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது என்பது அவரிடமும் இல்லை.

ஹஜ்ரத் என்னோடு எல்லாவற்றிலும் உடன்படுகிறவர்கள் இல்லை. ஆனால் கிதாபைத் திறந்து பக்கம் சொல்லிப் பேசுகிறவர்கள்.

24 பிப்ரவரி

ஏழு வானங்கள் (67:3). பழைய ஆலிம்களும் வானியலாளரும் பலர் இதைக் கிரேக்க வானியலோடு பொருத்தினார்கள்: சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி, ஏழுக்கு ஏழு கோளம். எட்டாவதும் ஒன்பதாவதும் குர்ஸியும் அர்ஷும், அதாவது இறைவனின் பீடமும் சிம்மாசனமும். எவ்வளவு அழகாக அமைந்தது! பூமி நடுவில் இல்லை என்றானபின் அது முழுக்கச் சரிந்தது. 1781இல் யுரேனஸ், 1846இல் நெப்டியூன்.

இப்போது ஏழு வானம் என்பது வளிமண்டலத்தின் ஏழு அடுக்குகள் என்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஐந்து. அதை விடு, 67:5ஐ ஓதிப் பார்: "மிக அருகிலுள்ள வானத்தை விளக்குகளால் அலங்கரித்தோம்." நட்சத்திரங்கள் முதல் வானத்திலேயே இருக்கின்றன என்கிறது வசனம். வளிமண்டலத்தின் முதல் அடுக்கில் நட்சத்திரமா? மறுப்பை வெளியே தேட வேண்டாம், இரண்டு வசனம் தள்ளிக் குர்ஆனிலேயே இருக்கிறது.

ஃபக்ருத்தீன் ராஸீ பெரிய மேதை. 2:22க்கு உரை எழுதும்போது, பூமி விரிப்பாக இருக்க வேண்டுமானால் அது அசையாமல் நிற்க வேண்டும் என்று காரணகாரியத்தோடு வாதிடுகிறார். 36:38 "சூரியன் ஓடுகிறது" என்கிறது. சவூதி மார்க்க அறிஞர் இப்னு பாஸ் 1966இல் இப்படிப்பட்ட வசனங்களை வைத்து, பூமி நிற்கிறது, சூரியன்தான் ஓடுகிறது என்று எழுதினார். இன்று மேடையில் அதே வசனம், சூரியன் பால்வெளி மண்டலத்தைச் சுற்றி ஓடுவதை முன்னறிவித்ததாகச் சொல்லப்படுகிறது. எல்லோருமே உண்மையாக நம்பித்தான் சொன்னார்கள். அதுதான் எனக்கு வேதனை.

2 மார்ச்

சுற்றில் இருக்கும் மூன்று கதைகள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கு கேட்டு இஸ்லாத்தை ஏற்றார் என்பது. இது எகிப்திலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அவ்வளவு பரவியதால், 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு மறுப்பு அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டு கடல்கள் வசனத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்தோ இஸ்லாத்தை ஏற்றார் என்பது. 1997 ஜூனில் அவர் இறந்தபோது பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்தில் இறுதிப் பூசை நடந்தது.

மூன்றாவது பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் புகாயில். பிரெஞ்சு அதிபர் மித்தரான் 1981இல் ஃபிர்அவ்னின் (மூஸா நபி காலத்து எகிப்து மன்னனின்) உடலை எகிப்திடம் கேட்டு வாங்கினார், அதை ஆராய்ந்த புகாயில் உப்பைக் கண்டு, கடலில் மூழ்கியவன் என்று அறிந்து, ஃபிர்அவ்னின் உடலைப் பாதுகாப்போம் என்ற 10:92 வசனத்தைக் கேட்டு முஸ்லிமானார் என்று கண்ணீரோடு சொல்வார்கள். பாரிஸுக்குப் போனது இரண்டாம் ராம்சேஸின் உடல், 1976 செப்டம்பரில். பூஞ்சை பிடித்திருந்ததால் சிகிச்சைக்குப் போனது. அப்போது மித்தரான் அதிபரே இல்லை. புகாயில் மூழ்கியவனாகக் கருதியது மெர்நெப்தாவை. அவன் உடல் 1898இல் கண்டெடுக்கப்பட்டு, 1907இல் துணி பிரிக்கப்பட்டது. புகாயிலின் புத்தகம் 1976லேயே வந்துவிட்டது. உப்பு? எகிப்தியர் பிரேதத்தை நேட்ரான் என்ற உப்பில் போட்டுத்தான் உலர்த்தினார்கள். எந்த மம்மியிலும் உப்பு இருக்கும்.

பொய் சொல்வது நம் மார்க்கத்தில் பெரும்பாவம். அல்லாஹ்வுக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான்.

5 மார்ச்

நேற்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவர் கணவர் புகாயிலின் புத்தகத்தைப் படித்துத்தான் 1989இல் இஸ்லாத்தை ஏற்றார். "அப்போ அவர் ஈமான் (இறைநம்பிக்கை) பொய்யா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. இல்லை, ராத்தா. முப்பது வருடம் தொழுது, நோன்பு பிடித்து, பிள்ளைகளை வளர்த்து, அந்த ஈமான் இன்று அந்தப் புத்தகத்தின் மேலா நிற்கிறது? அவரிடமே கேளுங்கள். ஒருவர் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதும் வீட்டில் எப்படி வாழ்கிறார் என்பதும் வேறு வேறு.

ஆனால் வாசல் வழியாக வெளியே போனவர்களையும் எனக்குத் தெரியும். 17ஆம் தேதி எழுதினேனே, தட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்த சிறுவன் என்று. அவன் பிறகு என் மாணவன் ஆனான். மருத்துவம் படிக்கப் போனான். இரண்டாம் வருடம் ஊருக்கு வந்தவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கருவியல் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினான். "சார், எலும்பும் தசையும் சேர்ந்துதானே வருகிறது. நீங்கள் வேறு மாதிரிச் சொன்னீர்களே." நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டினான். அதன்பின் அவன் பள்ளிவாசலுக்கு வந்து நான் பார்க்கவில்லை. பெருநாளுக்குக் கூட.

அவன் போனதற்கு நான் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் ஈமானை ஒரு சூயிங்கத்தின் மேல் வைத்தது நான்.

6 மார்ச்

மேலே எழுதியதை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். எடுக்கவில்லை.

10 மார்ச்

"அப்படியென்றால் எல்லா மறுமலர்ச்சியாளர்களும் செய்தது வீணா? இந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் வந்தபிறகுதான் வந்ததா?" என்று ஒரு கேள்வி. இல்லை, பழையது. பழைய மார்க்க அறிஞர் கஸ்ஸாலி எல்லாக் கல்விக்கும் மூலம் குர்ஆனில் உண்டு என்று எழுதியவர். கிரானடாவின் ஷாதிபீ (மறைவு 1388), குர்ஆன் முதலில் யாருக்கு இறங்கியதோ அந்த அரபிகளுக்கு விளங்கிய பொருளைத் தாண்டிக் கணிதமும் மருத்துவமும் அதில் ஏற்றாதீர்கள் என்று அப்போதே தடுத்தவர். கெய்ரோவில் தன்தாவீ ஜவ்ஹரீ 26 பாகத்தில் உரை எழுதி அதில் செடி, விலங்குப் படங்களெல்லாம் அச்சிட்டார். சட்ட வசனங்கள் 150, படைப்பைப் பற்றியவை 750, நாமோ 150இலேயே மூழ்கிக் கிடக்கிறோம் என்பது அவர் ஆதங்கம். அந்த ஆதங்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. காலனிய ஆட்சியில் தலைகுனிந்து நின்ற சமுதாயம், "எங்களிடமும் இருக்கிறது" என்று சொல்லத் துடித்தது. அந்தத் துடிப்பைப் பழிக்க எனக்கு மனம் வராது.

அதே கஸ்ஸாலி இன்னொன்றும் எழுதினார். கிரகணம் எப்படி வருகிறது என்று கணக்கறிந்தவர் நிரூபித்ததை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்துக்குத் தீங்கு செய்கிறான் என்று.

கிரகணம் என்றதும் எனக்கு மதீனா நினைவு வருகிறது. நபியவர்களின் மகன் இப்ராஹீம், பால் மறவாத குழந்தை, இறந்த அன்று சூரிய கிரகணம். வானியலாளர் கணக்கில் கி.பி. 632 ஜனவரி 27. இப்ராஹீம் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று ஊர் பேசியது. ஒரு தகப்பன், கைக்குழந்தையைப் புதைத்த நாள். மக்கள் தாங்களாகவே அற்புதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். நபியவர்கள் எழுந்து சொன்னார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பயானில் பலமுறை ஓதியிருக்கிறேன். இதன் கனம் எனக்கு 50 வயதுக்கு மேல்தான் ஏறியது.

23 மார்ச்

கடல் வசனம் (25:53) பற்றி. ஒன்று இனியது, ஒன்று உப்பு, இடையே தடுப்பு. இதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். தாமிரபரணி கடலில் சேரும் முகத்துக்கு, ஐப்பசி மழைக்குப் பிறகு என் அப்பா, வாப்பாவின் வாப்பா, வள்ளத்தில் கூட்டிப்போவார்கள். செம்மண் நீர் ஒரு கோடாக நிற்கும், அந்தப் பக்கம் பச்சை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கையால் அள்ளி வாயில் விட்டால் ஏறக்குறைய நல்ல தண்ணீர். வாளியைக் கயிற்றில் ஆழமாக இறக்கி எடுத்தால் உப்பு. பஹ்ரைனில் முத்துக் குளித்தவர்கள் கடலடி ஊற்றில் தோல்பையை நிரப்பிக் குடிநீர் எடுத்தார்கள். "பஹ்ரைன்" என்ற பேருக்கே இரு கடல் என்று பொருள். மக்கத்து வணிகர் கேட்டறியக்கூடியதைத்தான் வசனம் சுட்டிக்காட்டி, நன்றியோடு பார் என்கிறது. தடுப்பு கலக்கவே விடாத சுவரும் இல்லை. தண்ணீர் மெல்லக் கலந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்பா அந்த வசனத்தை அந்த இடத்தில் ஓதுவார்கள். எந்த விஞ்ஞானமும் சொல்ல மாட்டார்கள். ஓதிவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

30 மார்ச்

மலைகளை முளைகளாக்கினோம் (78:7) பற்றியும் கேட்டிருக்கிறார்கள். மலைக்கு அடியில் வேர் உண்டு என்ற கருத்து 1855இல் ஏரி என்ற வானியலாளரிடமிருந்து வந்தது. அது எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? இந்திய நில அளவையில் இமயத்தின் அருகே தூக்குக்குண்டு எதிர்பார்த்த அளவு சாயவில்லை என்ற சிக்கலிலிருந்து. அந்த அளவையின் முதல் அடிக்கோடு 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் சங்கிலி போட்டு அளந்தது. வெயிலில் சங்கிலி நீளும் என்று அதற்கும் கணக்குப் போட்டார்கள். அப்படிக் கிடைத்தது அந்த வேர். மலைகள் நிலநடுக்கத்தைத் தடுக்கின்றன என்று மட்டும் பேசாதீர்கள். 2015 ஏப்ரல் 25, நேபாளம்.

14 ஏப்ரல்

நம் முன்னோர் விஞ்ஞானத்தில் சாதித்தார்களே, அது குர்ஆனால்தானே என்கிறார் ஒருவர். ஆமாம், ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். இப்னு ஷாதிர் (1304–1375) டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் முவக்கித், அதாவது தொழுகை நேரம் கணிப்பவர். வக்தைச் சரியாகச் சொல்லக் கருவி செய்தார், சந்திரனின் ஓட்டத்துக்குப் பழைய கிரேக்க வானியலாளர் தாலமியைவிடச் சிறந்த கணக்கு அமைத்தார். அது கோபர்நிகஸின் சந்திரக் கணக்கோடு ஒத்துப்போவதை வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். தொழுகை கடமை, அதனால் நேரம் வேண்டும், அதனால் வானத்தை அளந்தார். இப்னுல் ஹைஸம் ஒளியை இருட்டறையில் சோதித்தார், பீரூனி மலையுச்சியிலிருந்து தொடுவானத்தின் சாய்வை அளந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார். "ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது என்று பார்க்க மாட்டார்களா" என்று 88:17 கேட்கிறது. பார்த்தார்கள்.

மாணவனுக்குக் கடிதம் எழுதினேன். அந்த 1996 கூட்டத்தில் நான் சொன்னது தவறு, திண்ணையில் நீ கேட்டபோது மழுப்பியதும் தவறு என்று. பதில் எதிர்பார்க்கவில்லை. கூடத்தில் சொன்னதைக் கூடத்தில் திருத்த வேண்டும் என்று ஹஜ்ரத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். "பிள்ளைகளிடம் முதலில் பேசுங்கள்" என்றார்கள்.

5 மே

இன்று ஷஃபான் மாதம் 29, நோன்புப் பிறை பார்க்கும் நாள். மதரஸா பிள்ளைகள் ஒன்பது பேர் என் மொட்டை மாடியில். சங்கமம், அதாவது அமாவாசைக் கணம், இன்று அதிகாலை நாலேகால் மணிக்கு. சூரியன் மறையும்போது பிறைக்கு 14 மணி நேரம்தான் ஆகியிருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "தெரியாது என்றால் ஏன் சார் பார்க்கணும்?" என்றான் ஒருவன். கணக்கு சரியா என்று தெரிய வேண்டாமா, பார் என்றேன். இருட்டும் வரை நின்றார்கள். தெரியவில்லை.

கூடத்தில் பேசிவிட்டேன், அஸர் (மாலைத்) தொழுகைக்குப் பின். சூயிங்கம் கதையும் சொன்னேன். பெரியவர்கள் சிலர் எழுந்து போனார்கள். ஹஜ்ரத் கடைசிவரை இருந்தார்கள்.

6 மே

இன்று 38 மணி நேரப் பிறை. ஏழு வயதுக்காரி ஒருத்தி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே முதலில் கையை நீட்டினாள். மற்றவர்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாளை முதல் நோன்பு, ஸஹருக்கு எழ வேண்டும். பாக்கிக் கேள்விகளுக்குப் பெருநாள் கழித்து எழுதுகிறேன்.